சித்தப்பாவுக்கு ஏறாத இயற்பியல்

எங்கள் வீட்டில் மக்கு என்ற பட்டம் சித்தப்பாவுக்கு உரியது. தாத்தா கொடுத்தது; மற்றவர்கள் வழிமொழிந்தது. நான் அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சின்னப் பெண் என்பதால் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் பாத்திரக் கடை. சித்தப்பா கல்லூரி முடித்துவிட்டு அரசாங்கத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே எழுதிக் கோட்டை விட்டவர். தினமும் காலையில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, "லைப்ரரிக்குப் போயிட்டு வரேன்" என்று பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டிப் போவார். மதியம் தொண்டை கட்டிப்போய்த் திரும்பி வருவார். லைப்ரரியில் பேசக் கூடாது என்பார்களே, இவருக்கு மட்டும் எப்படித் தொண்டை கட்டுகிறது என்று எனக்குத் தோன்றியதில்லை.

அம்மாவுக்கும் அந்தத் தேர்வை எழுத ஆசை. ஒருமுறை தாத்தாவிடம் கேட்டுப் பார்த்தாள். தாத்தா கோபப்படவில்லை.

"முதல்ல அவன் ஒருத்தன் பாஸ் ஆகட்டும்மா. அப்புறம் பாக்கலாம்" என்றார்.

வாஷிங் மெஷின் வாங்கலாமா என்று கேட்டபோதும் தாத்தா 'அப்புறம் பாக்கலாம்' என்றுதான் சொல்லியிருந்தார். அம்மா இன்னும் கையால்தான் துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது சித்தப்பா தட்டைப் பார்த்தபடி அறிவித்தார்.

"அப்பா, எனக்கு இயற்பியல்தான் இடிக்குது. படிக்கப் படிக்க மறந்துபோகுது. யாராச்சும் பக்கத்துல உக்காந்து கேள்வி கேட்டாத்தான் மண்டையில நிக்கும்போல."

தாத்தா அப்பாவைப் பார்த்தார். அப்பா ரசத்தைப் பார்த்தார்.

"அண்ணி பிளஸ் டூல சயின்ஸ் குரூப்தானே" என்றார் சித்தப்பா, யாருக்கும் இல்லாமல் பொதுவாக.

"சாயங்காலம் அடுப்படி வேலை கிடக்கே மாமா" என்றாள் அம்மா.

"அதை நான் பாத்துக்கறேன். பையன் வாழ்க்கை முக்கியமா, பொரியல் முக்கியமா?" என்றார் தாத்தா.

இப்படித்தான் தாத்தா, தம் வாழ்நாளில் முதல் முறையாக அரிவாள்மணைக்கு முன் உட்கார்ந்தார்.

மாலை நான்கு மணிக்கு வகுப்பு தொடங்கும். கூடத்தில் அம்மா புத்தகத்தோடு ஒரு பக்கம். சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம். அடுக்களை வாசலில் தாத்தாவும் பீன்ஸும். நான் வீட்டுப்பாடம் எழுதுகிற பாவனையில் நடுவில்.

"வேலைன்னா என்னங்க தம்பி? சூத்திரம் சொல்லுங்க" என்று அம்மா ஆரம்பிப்பாள்.

"எழுத்துத் தேர்வு கூட்டல் நேர்முகத் தேர்வுங்க அண்ணி."

"தப்புங்க. விசை பெருக்கல் இடப்பெயர்ச்சி. சரி, மின்தடைக்கு அலகு என்ன?"

"மணி."

"மணியா?"

"ஆமாங்க. நேத்துகூட ரெண்டு மணி நேரம் இருந்துச்சே. ஃபேன் ஓடல."

அடுக்களை வாசலில் அரிவாள்மணை நின்றுவிடும். "ஓம்! ஓம்னு சொல்லுடா! எனக்கே தெரியுது!" என்று தாத்தா கத்துவார். அது விஞ்ஞானியின் பெயரா, பெருமாளை நினைத்துச் சொன்னதா என்று பக்கத்து வீட்டாருக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

சித்தப்பாவின் தவறான பதில்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் சந்தேகங்களைத்தான் தாங்க முடியாது. ஒரு மாலை அம்மா, பக்க இணைப்பில் மின்தடைகளைச் சேர்க்கச் சேர்க்க மொத்தத் தடை கூடிக்கொண்டே போகும் என்று சொன்னாள். சித்தப்பா தலையைச் சொறிந்தார்.

"அப்படின்னா, நம்ம தெருவுல எல்லாரும் ஒரே நேரத்துல ஃபேனைப் போட்டா, தடை ஏறி ஏறி, யாருக்குமே காத்து வராதுங்களா அண்ணி?"

அம்மா புத்தகத்தைத் திருப்பினாள். ஒரு தாளில் எதையோ போட்டுப் பார்த்தாள். பிறகு, "இல்லைங்க தம்பி, நான் மாத்திச் சொல்லிட்டேன். தொடர் இணைப்புலதான் கூடும். பக்க இணைப்புல குறையும்" என்றாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்படியா!" என்று சித்தப்பா வாயைப் பிளந்தார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த மனிதருக்குப் புரியவைப்பதற்காக அம்மா ஒரே பாடத்தை மறுபடி மறுபடி படிக்கவேண்டியிருக்கிறதே.

எதிர்பாராமல் தாத்தாவுக்கு இயற்பியல் பிடித்துப்போனது. நிறை வேறு, எடை வேறு, நிலாவுக்குப் போனால் எடை ஆறில் ஒரு பங்காகிவிடும் என்று அம்மா சொன்ன அன்று தாத்தாவுக்கு வேலை ஓடவில்லை.

"அப்ப நிலாவுல பித்தளைக் குடத்தை நிறுத்து வித்தா நமக்கு நஷ்டமாம்மா?"

"வில் தராசுன்னா நஷ்டம் மாமா. ரெண்டு தட்டுத் தராசுன்னா இல்லை. படிக்கல்லும் சேர்ந்து லேசாயிடும்ல."

"நம்மது ரெண்டு தட்டுதான்" என்று தாத்தா நிம்மதியாகப் பீன்ஸுக்குத் திரும்பினார். சில நாள் கழித்து, சாணை பிடிப்பவரிடம் அரிவாள்மணையை நீட்டி, "விளிம்புல பரப்பு கூடிப்போச்சுய்யா, அழுத்தம் பத்த மாட்டேங்குது" என்று சொன்னார். அவர் தாத்தாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாங்கித் தீட்டிக் கொடுத்தார்.

விண்ணப்பம் போடும் நேரம் வந்தது. சித்தப்பா மறுபடியும் தட்டைப் பார்த்தார்.

"தனியாப் போனா எனக்குக் கை நடுங்குதுப்பா. அண்ணியும் ஒரு அப்ளிகேஷன் போட்டு வச்சா, கூட ஒரு ஆள் எழுதுறாங்கன்னு தைரியமா இருக்கும்."

தாத்தா யோசித்தார். இவ்வளவு பீன்ஸ் நறுக்கிய பிறகு கை நடுக்கத்தால் எல்லாம் வீணாகக் கூடாது. "துணைக்குப் போற மாதிரி போயிட்டு வாம்மா" என்றார்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கே.கே. நகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். அதிர்ஷ்டம், இருவருக்கும் ஒரே இடம். அப்பாவும் நானும் கூடப் போனோம். பஸ்ஸில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கினார்.

பள்ளிக்கூட வாசலில் அம்மா தன் அறையைத் தேடி அறிவிப்புப் பலகைப் பக்கம் போனாள். அந்த நேரம் பார்த்து நாலைந்து இளைஞர்கள் சித்தப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சார், நீங்களும் எழுதுறீங்களா? அப்ப நாங்க எங்க போறது?"

"சார், நீங்க நேத்து கிளாஸ்ல சொன்ன லென்ஸ் கணக்கு, ஒரே ஒரு தடவை சார், ப்ளீஸ்..."

சித்தப்பா அவசரமாக உதட்டில் விரலை வைத்தார். அம்மா இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர்களில் ஒருவன் உள்ளங்கையிலேயே பேனாவால் எதையோ கிறுக்கி, முதுகில் தட்டி அனுப்பினார்.

"யாரு சித்தப்பா அவங்க?"

"ஆள் மாறிப் பேசுறாங்க கண்ணு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆமா, ஆளைப் பாத்தா அப்படித்தான் இருக்கு" என்று சொல்லி எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தார்.

முடிவு வந்த அன்று சாயங்காலம் சித்தப்பாதான் போனில் பார்த்தார். அம்மா அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். தாத்தா கையில் பாதி உரித்த வெங்காயம்.

"அண்ணி பாஸ்!" என்று சித்தப்பா கத்தினார். பிறகு ஞாபகம் வந்தவராக, "நான் ஃபெயில்" என்றார். ஃபெயிலானவர் முகம் அப்படி ஜொலித்து நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

"சொல்லிக் குடுத்தவளுக்குக் குடுத்துட்டு, கேட்டுக்கிட்டவனை விட்டுட்டானே!" என்று தாத்தா புலம்பினார். ஆனால் புலம்பிக்கொண்டே சட்டையை மாட்டி ஸ்வீட் வாங்கக் கிளம்பிவிட்டார். துணைக்குப் போனவள் பாஸ் ஆனது, அவர் கணக்கில் பாதி அவர் வெட்டிய காய்கறிகளின் வெற்றி.

அம்மா எழுந்து சித்தப்பாவை ரொம்ப நேரம் பார்த்தாள். "தம்பி, நீங்க..." என்று ஆரம்பித்தாள்.

"என்னங்க அண்ணி?"

"ஒண்ணுமில்லைங்க. சாப்பிட வாங்க."

அவள் கண் நிறைந்திருந்தது. தோற்றுப்போன கொழுந்தனை நினைத்து அழுகிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். தாத்தா வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டார்.

அம்மாவுக்கு மணப்பாறையில் வேலை. காலை ரயிலைப் பிடிக்கக் கைப்பையோடு அவள் வேகமாக நடந்து போவதைத் தெரு வேடிக்கை பார்த்தது. வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது. சித்தப்பா இனித் தேர்வு எழுதப்போவதில்லை என்று சொல்லி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்து, 'இயற்பியல் வகுப்புகள்' என்று பலகை மாட்டினார்.

தாத்தா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஃபெயில் ஆனவன்கிட்ட யாருடா வந்து படிப்பாங்க?"

வந்தார்கள். மாடிப்படி முழுக்கச் செருப்பாகக் கிடந்தது. நான் ஜோடி ஜோடியாக எண்ணிப் பார்த்தேன். இத்தனை பிள்ளைகளின் எதிர்காலம்! அவர்களுடைய அப்பா அம்மாவுக்கு விஷயம் தெரியுமா?

அம்மா வேலைக்குப் போய்விட்டதால் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். சித்தப்பா வகுப்புக்குக் கிளம்புமுன் அவரைக் கூடத்தில் பிடித்து உட்காரவைத்து, அம்மாவின் பழைய புத்தகத்தை விரித்து, அன்றைய பாடத்தைச் சொல்லிக் கொடுப்பேன். சித்தப்பா சம்மணமிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். தலையைச் சொறிந்து சந்தேகம் கேட்பார். நான் மறுபடி புத்தகத்தைப் புரட்டி, யோசித்து, விளக்குவேன். "அப்படியா!" என்று வாயைப் பிளப்பார். புரிந்ததா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவரை வாசல்படி இறங்கவிடுவேன்.

அந்த வருடம் முழுக்க அந்த டியூஷன் சென்டரை நான்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நம்பினேன்.