பிரபுவின் மகள் ஏறிய ரயில்

சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஸ்டேஷன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு நேர அட்டவணையில் நம்பிக்கையில்லை. வீடு இருக்கும் டீட்டிகோனுக்குத் திரும்ப ஒரு மணித்தியாலம் முந்தியே வந்து நிற்கிறேன்.

எதிர்த்திசை ரயிலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏறுகிறாள். சக்கர நாற்காலியில் இருக்கும் கிழவர் தொப்பியை மட்டும் தூக்குகிறார். ரயில் போய்விடுகிறது. நாற்காலியைப் பிடித்திருப்பவர் நம்மவர், ஈழத்தமிழர், ஹோட்டல் வேலையாள்.

"ஆரண்ணை இவர்?"

"இங்கிலாந்துப் பிரபு, தம்பி. லண்டன் பிரபுக்கள் சபையிலை இவருக்குப் பரம்பரைக் கதிரை இருக்கு. இஞ்சத்தைக் கதிரையை நான்தான் தள்ளுறன்."

"போனது மகளோ?"

"ஓம், ஒரே பிள்ளை. பட்டம் ஆம்பிளைக்குத்தானாம். அவள் பிறந்தவுடனை, 'பெட்டையோ' எண்டு கேட்டிட்டு வேட்டைக்குப் போனவராம். ஒரு மன்னிப்புக் கேப்பாரெண்டு நாலு நாள் இருந்து பாத்தாள். மனுசன் மழை, வெயில்தான் கதைச்சார்."

மூன்றாவதும் பெண் என்றதும், கொள்ளி வைக்க ஆளில்லையே என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே திரும்பியவன் நான். அது அந்த மூன்றாவது மகளுக்கும் தெரியும்.

டெலிபோன் கூண்டுக்குள் போய் வீட்டுக்கு எடுக்கிறேன். அவள்தான் பேசுகிறாள்.

"என்னப்பா, ரயிலை விட்டிட்டீங்களோ?"

"இல்லையம்மா..."

இன்னொரு நாணயம் போடுகிறேன்.

"அங்கை மழையோ?" என்று கேட்கிறேன்.