புலியின் குரலில் கூப்பிட்டவர்

திண்டிவனத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் புலிகள் காப்பகமொன்றில் வேட்டைத் தடுப்புக் காவலர். வெயிலில் கறுத்த முகம், பல நாள் தாடி. பஸ் நிற்கும்போதெல்லாம் எழுந்து டிரைவரை எட்டிப் பார்த்தார். அவர் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது, அவர் காட்டில் ஒரு தாய்ப்புலி சுருக்குக் கம்பியில் மாட்டிச் செத்துவிட்டது. அதன் இரண்டு குட்டிகளையும் காணவில்லை. சேதி கேட்டுக் காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"அம்மா ஒளிச்சு வச்ச எடத்துலயே படுத்துக்கினு கெடக்கும் சார். அவ கூப்பிட்டாத்தான் வரும். பால்குடி மறக்காத குட்டிங்க, பசியிலயே செத்துப்பூடும்."

விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் பஸ் நின்றுவிட்டது. காட்டில் தேடிக்கொண்டிருந்த சக காவலருக்கு போன் போட்டார்.

"ஸ்பீக்கர்ல போட்டு புதருகிட்ட வைப்பா."

போனை வாயருகே வைத்துக் கையைக் குவித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து தாழ்வாக உறுமினார். பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

"எதுனா அசையுதாபா?"

"ஒண்ணும் இல்லண்ணே."

மறுபடி கூப்பிட்டார். பாதியில் குரல் உடைந்து அழுகையாகிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மீண்டும் தொடங்கினார்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அடுத்த பஸ்ஸைத் தேடி ஓடும்போதும் கூப்பிட்டுக்கொண்டேதான் போனார். கூட்டம் விலகி வழிவிட்டது. குட்டிகள் வந்தனவா என்று எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை.