டெய்லரக்கா ஒளித்து வைத்தவை

“செத்தும் என் உசுர வாங்கறானே, பாவி!”

காலையிலிருந்து டெய்லரக்கா இதையே சொல்லிக்கொண்டு அரிசி டிரம்மைக் கவிழ்த்தாள், பரணில் இருந்த அண்டாவை இறக்கினாள், தலையணை உறைகளை உதறினாள். பாபின் கேஸ் கிடைக்கவில்லை. தையல் மிஷினில் ஊசிக்கு அடியில், கீழ்நூலை வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சின்ன இரும்புச் சாமான் அது. அது இல்லாவிட்டால் மிஷின் கடகடவென்று ஓடும், ஒரு தையல் விழாது. பெண்கள் விடுதிக்குத் திரைச்சீலைகள் சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். தம்பி இறந்த பிறகு தேடி வந்த வேலையையெல்லாம் அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். இதுவும் தவறினால் இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக விடுதி மேனேஜரம்மா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள்தான் சொன்னபடி செய்வார்கள்.

அவள் வீட்டுக்காரர் லேத்துப் பட்டறைக்காரர், அன்று அவருக்கு விடுமுறை. கடைக்குப் போய் தினுசுக்கு ஒன்றாக பாபின் கேஸ்கள் வாங்கி வந்தார். மிஷின் அரதப் பழசு. ஒன்றுகூட அதில் சரியாக உட்காரவில்லை.

“நல்லா யோசிச்சுப் பாரு. நீதானே ஒளிச்சு வச்ச?”

“ஆமா, நான்தான் ஒளிச்சேன். யாருக்காக ஒளிச்சேன்? அதைக் கேளுங்க!”

அவர் கேட்கவில்லை. அது அந்தத் தெருவுக்கே தெரிந்த கதை.

தம்பி பெயிண்டர். பெயிண்டர் என்பதே அவன் பெயராகிவிட்டது. கை நிதானமாக இருந்த காலத்தில் அவன் சுவரில் கோடு இழுத்தால் ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. நாளெல்லாம் ஏணியில் நின்ற உடம்பு வலிக்கு என்று சாயங்காலத்தில் குடிக்க ஆரம்பித்தான். அப்புறம் கை நடுக்கத்துக்கு என்று காலையிலேயே தேவைப்பட்டது. அவள் தலையில் கை வைத்து அவன் செய்த சத்தியங்களுக்கு அவள் தலை இன்னும் கழுத்தில் நிற்பதே பெரிய விஷயம். மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கன்னம் உப்பித் திரும்பி வந்தான். வந்த வேகத்தில் முன்னறைக்கு நீலம் அடிக்கிறேன் என்று ஆரம்பித்து ஒன்றரைச் சுவர் அடித்தான். மீதிச் சுவர்கள் இன்றைக்கும் பழைய அழுக்கு மஞ்சளில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஒருநாள் அயர்ன் பாக்ஸைக் காணோம். அடுத்து காஸ் சிலிண்டர் போயிற்று. அதற்குப் பிறகுதான் டெய்லரக்காவுக்கு அந்த யோசனை வந்தது. சாமானை ஒளிப்பதற்கு வீட்டில் இடமில்லை, சாமானில் ஒரு பாகத்தைக் கழற்றி ஒளித்துவிட்டால்? வெயிட் இல்லாத குக்கரை எவன் வாங்குவான்? மிக்ஸியின் ஜார் எதிர்வீட்டுக்குக் குடிபோயிற்று. டிவி ஒயர் புடவை மடிப்புக்குள் போயிற்று. தைத்து முடித்ததும் பாபின் கேஸைக் கழற்றிவிடுவாள். தினமும் வேறு வேறு இடம். இத்தனை சாமர்த்தியத்தில் ஒரே ஒரு ஓட்டைதான். எங்கே வைத்தோம் என்பது அவளுக்கே மறந்துவிடும்.

முதல் தடவை குக்கர் வெயிட்டைத் தேடி அவள் அடுப்படியை ரெண்டாக்கிக்கொண்டிருந்தபோது, முன்னறைக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“உப்பு ஜாடில பாருக்கா.”

கண்ணைக்கூடத் திறக்காமல் சொன்னான். கையை விட்டுத் துழாவினால், உப்புக்குள் வெயிட் இருக்கிறது. எரிச்சல் வருமா வராதா? யாரிடமிருந்து ஒளித்தாளோ அவனிடமே போய்க் கேட்க வேண்டிய தலையெழுத்து. ஆனால் அதுவே வழக்கமாகிப் போயிற்று. “டேய், மிக்ஸி மூடி எங்கடா வச்சேன்?” என்று அவள் கத்துவாள். “மாமாவோட மழைக்கோட்டுக்குள்ள” என்று அவன் சொல்வான்.

“எப்படிடா கண்டுபிடிக்கிற?”

“உன் மூஞ்சியப் பாத்தா போதும். கோபமா இருந்தா உயரத்துல வைப்ப. பயமா இருந்தா இடுப்புல சொருகிக்குவ. அவசரம்னா உப்பு ஜாடி.”

“இவ்வளவு தெரிஞ்சவன் ஏன்டா விக்காம விட்டு வச்சிருக்க?”

“வித்துட்டா அப்புறம் எதைத் தேடச் சொல்லி என்னை எழுப்புவ?”

பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்லை. அவள் சாமான் ஒன்றையும் அதன்பின் அவன் தொடவில்லை என்பதும் உண்மைதான். அதற்குப் பதிலாகத் தன் ஏணியை விற்றான், பிரஷ்களை விற்றான், கடைசியில் ரோலரையும் விற்றான். பிழைப்பையே விற்றுக் குடித்துவிட்டு, ‘உன் குக்கரைத் தொட்டேனாக்கா?’ என்று யோக்கியன் மாதிரி கேட்டான். அவனை என்ன செய்வது? அடிக்கவும் முடியவில்லை, கொஞ்சவும் முடியவில்லை. நினைத்தால் இப்போதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டெய்லரக்கா கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். கடைசியாக மிஷினில் உட்கார்ந்தது அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று. கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து, வயிறு வீங்கி, தானாக எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தான். வாசலில் ஆட்டோ நின்றது. அப்போதும் அவள் பாபின் கேஸைக் கழற்றினாள். திருடனையே கூட்டிக்கொண்டு வெளியே போகிறவள் வீட்டில் யாருக்காக ஒளித்தாள்? கை பழகிவிட்டது, கழற்றிவிட்டது. அன்றைக்கு அவளுக்குக் கோபம் இல்லை. பயப்படவும் தெம்பில்லை. சலித்துப் போயிருந்தாள். சலித்துப் போனால் எங்கே வைப்பாள் என்று அந்தக் கழுதை சொல்லித் தொலைக்கவே இல்லை.

“டேய்!” என்று கத்தினாள். “எங்கடா வச்சேன்?”

அடுப்படியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் குழாயை மூடினார். அப்புறம் அவர் முன்னறை வாசலில் வந்து நின்றார்.

“அந்தப் பையை மட்டும்தான் இன்னும் பாக்கல” என்றார் மெதுவாக.

எந்தப் பை என்று அவள் கேட்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த கட்டிலுக்கு அடியில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று தள்ளிவிட்டது தள்ளிவிட்டபடியே கிடந்தது. பெருக்கும்போதுகூட அவள் அதைச் சுற்றித்தான் பெருக்குவாள்.

இழுத்து ஜிப்பைத் திறந்தாள். துண்டு, பிளாஸ்க், பல் உடைந்த சீப்பு. வீடு திரும்பும்போது போட்டுக்கொள்ளட்டும் என்று அவள் எடுத்து வைத்த கட்டம்போட்ட சட்டை, மடிப்புக் கலையாமல் இருந்தது. சட்டைப் பைக்குள் பாபின் கேஸ் இருந்தது. அவன் எங்கே தேடினாலும் தன் சட்டைப் பையில் மட்டும் தேடமாட்டான். அதில் ஒன்றும் இருக்காது என்று அவனுக்கே தெரியும்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவன் தெளிவாகப் பேசியது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

“அக்கா, பாபின் கேஸை எங்க வச்ச?”

“எதுக்குடா? இங்க படுத்துக்கிட்டே விக்கப் போறியா?”

“இல்லக்கா. நீ மறந்துடுவ. நான் தெரிஞ்சு வச்சுக்கறேன்.”

“முதல்ல எந்திரிச்சு வீட்டுக்கு வா. அப்புறம் சொல்றேன்” என்று எரிந்து விழுந்தாள். அவளுக்கும் அப்போது நினைவில்லை, அது வேறு விஷயம்.

சட்டையை மடியில் போட்டுக்கொண்டு டெய்லரக்கா அழுதாள். வாயை மூடாமல், பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று பார்க்காமல் அழுதாள். நடுநடுவே அவனைத் திட்டவும் செய்தாள். வீட்டுக்காரர் மிஷின் மேல் போட்டிருந்த போர்வையை எடுத்து மடித்தார், வீலுக்கு எண்ணெய் விட்டார், பாபினில் நூல் சுற்றி வைத்தார். மூக்கைச் சிந்திவிட்டு அவள் வந்து உட்கார்ந்தாள். மத்தியானச் சாப்பாடுகூட இல்லாமல் தைத்தாள். விடுதியின் வண்டி வந்தபோது கடைசித் திரையில் நூல் பிசிறை வெட்டிக்கொண்டிருந்தாள்.

வண்டி போனதும் பழக்கதோஷத்தில் பாபின் கேஸைக் கழற்றினாள். கழற்றிய பிறகுதான் கையிலிருப்பதைப் பார்த்தாள். இனி இந்த வீட்டில் எதையும் யாரிடமிருந்தும் ஒளிக்க வேண்டியதில்லை.

“அதுலயே மாட்டி வச்சுடேன்” என்றார் வீட்டுக்காரர்.

அவள் அடுப்படிக்குப் போனாள். மூடி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து காலிக் கட்டிலுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“உப்பு ஜாடில வச்சிருக்கேன்டா” என்றாள். “நான் மறந்துடுவேன். நீ ஞாபகம் வச்சுக்க.”