மஞ்சள் கரைந்த தண்ணீர்

தொண்ணூறுகளில், திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் நிட்டிங் மெஷின் ஊசிகளை ஒரு தொட்டியில் போட்டுக் கழுவுவது என் வேலை. ஒலியதிர்வில் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உடைந்து, இண்டு இடுக்கு அழுக்கையெல்லாம் கிளப்பிவிடும் தொட்டி அது.

மனைவியின் காரியம் முடிந்து வேலைக்குப் போன அன்று, அவள் தாலியையும் கொண்டு போனேன். மகளுக்குக் கம்மல் செய்ய ஆசாரியிடம் கொடுக்க வேண்டும். கழுவிக் கொடுக்கலாமே என்று, ஊசியைப் போடுவது போலவே தொட்டியில் போட்டேன்.

பொன்னிலிருந்து மஞ்சளாகப் புகைபோல் கிளம்பியது.

"அழுக்கு பூராப் போயிருச்சுங்ணா. தண்ணிய மாத்தீறலாங்களா?" என்றார் கூட வேலை செய்தவர்.

தினமும் குளித்ததும் அவள் தாலியில் பூசிய மஞ்சள் அது.

"மாத்தீருங்க" என்றேன். அழுகை வரவில்லை.

மகளின் கம்மல் இன்றும் பளிச்சென்றுதான் இருக்கிறது. அம்மாவுடையது என்று சொல்ல அதில் எதுவும் மிச்சமில்லை.