மாயாண்டியின் ஆசனம்

ஹட்டனில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் மாயாண்டி, செத்துப்போன டிவியைக்கூட "தூங்குதுங்க" என்று சொல்லி விற்றுவிடுவார். அவர் பயப்படுகிற ஒரே ஆள் கிருஷாந்தி. வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைமடுவம் என்கிற குழந்தைக் காப்பகத்தைப் பார்க்கிறவள். லைசன்ஸ் எடுத்து ஹாம் ரேடியோவும் பேசுகிறவள்.

போன மழையில் மண் சரிந்து போனெல்லாம் ஊமையானபோது, அவள் ரேடியோவில் ஹட்டனிலுள்ள இன்னொரு ஹாம்காரர் சோலைமலையைப் பிடித்துத்தான் அம்புலன்ஸ் வந்தது. இப்போது ஏரியல் வயருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அடுத்த மழையோ மலைக்கு மேலே வந்து நிற்கிறது.

வயர் கேட்டு வந்தவள் முன்னால் மாயாண்டி ஒரு சுருளைத் தூக்கிப் போட்டார். "புதுப் பொண்ணு மாதிரி இருக்கு பாருங்க."

மேலே அச்சடித்திருந்ததை அவள் வாசித்தாள். ரேடியோவுக்கான ஐம்பது ஓம் வயர்தான், டிவி வயர் இல்லை. மீட்டரை வைத்தாள். உள்கம்பியும் அதைச் சுற்றிய செம்புப் பின்னலும் ஒன்றையொன்று தொடவில்லை. மாயாண்டி நிம்மதியாக மூச்சு விட்டார். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.

பேன் பார்ப்பதுபோல அவள் வயரை முழம் முழமாக விரலில் உருட்டி வந்தாள். நடுவில் விரல் நின்றது.

"அண்ணே, இத எந்த லயத்து வீட்டுல துணிக்கொடியா கட்டியிருந்தாங்க?"

"கொடியா?"

"ஆணி ஏறின ஓட்ட இருக்கு. சவுக்கார வாசம் வேற." கத்தியால் கீறிக் காட்டினாள். பின்னல் கறுத்து ஈரமாக இருந்தது. "நுனிய மட்டும் புதுசா வெட்டி வச்சிருக்கீங்க."

"வயசானா எல்லாரும் உள்ளுக்குள்ள கொஞ்சம் கறுக்கத்தான் செய்வோம்."

கிருஷாந்தி சிரிக்கவில்லை. "உங்க தங்கச்சி பேச்சியம்மாவும் எங்க லயத்துலதான் இருக்காங்க."

 மாயாண்டி மெதுவாக எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த சாக்கை நீக்கினால், இரண்டு நுனியிலும் ரப்பர் சுற்றிய தடித்த சுருள்.

"இடுப்புக்கு இதுதாம்மா ஒத்துக்கிச்சு. அதான் விக்கல."

இரக்கம் பார்க்காமல் அதையும் முழுக்க உருட்டினாள். நசுங்கல் இல்லை. ஒரு நுனியில் உள்கம்பியையும் பின்னலையும் முறுக்கிவிட்டு, மறுநுனியில் மீட்டரை வைத்தாள். கீச்சென்றது; நடுவில் எங்கும் அறுபடவில்லை. நுனியில் கீறிய இடத்தில் செம்பு, துலக்கிய சொம்பாக மின்னியது.

"இனி எதுலண்ணே உக்காருவீங்க?"

"யாவாரிக்கு உக்கார ஏதும்மா நேரம்?"

அந்த வாரமே மழை கொட்டியது. வட்டகொடைப் பக்கம் ஒரு போனும் எடுபடவில்லை. கடை வாசலில் சோலைமலை குடையைச் சுருக்கினார்.

"கிருஷாந்தி ரேடியோவுல பேசுனிச்சு. லயத்துப் பின்சுவர் விழுந்துருச்சாம். பேச்சியம்மாவ முன்னாடியே கோயிலுக்குக் கூட்டிப் போயிட்டாங்க. நல்லா இருக்காங்க."

காலையிலிருந்து நின்றபடியே இருந்த மாயாண்டி, அந்தத் துணிக்கொடி வயர்ச் சுருள்மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.