மோட்டாரை நிறுத்தச் சொன்ன கிரேஸ்

எங்க லைன் வீட்ல கிரேஸ் அக்கா மாதிரி அழும்பு புடிச்ச பொம்பளைய நான் பார்த்ததே இல்ல. கும்மிடிப்பூண்டியில நானும் அதுவும் ஒரே கம்பெனியில பேக்கிங் வேலை. அது புருஷன் ஆசீர்வாதம் அண்ணன் கம்பி மில்லுல நைட் ஷிப்ட்டு. கல்யாணம் ஆன புதுசுல, "பழவேற்காட்டுக்குக் கூட்டினு போறேன், போட்டுல தீவெல்லாம் பார்க்கலாம்"னு சொன்ன மனுஷன். பொண்ணு காலேஜே முடிச்சிட்டா, இன்னும் போன பாடில்ல. லீவுன்னா தூக்கம், இல்லாட்டி ஓ.டி.

இப்ப மில்லுக்காரன் அவரை குஜராத்துக்கு மாத்திட்டான். திங்கக்கிழமை ரயிலு. "அதுக்குள்ள ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்தே ஆவணும்"னு அக்கா ஒத்தைக் கால்ல நின்னுச்சு. ஞாயித்துக்கிழமை காலையில ஷிப்ட்டு முடிச்சி வந்தவரை மில்லு கேட்டாண்டயே மடக்கி பஸ்ல ஏத்திடுச்சு. துணைக்கு என்னையும் இழுத்துக்கினு போச்சு. சரியான பேஜாரு!

பழவேற்காட்டுல டச்சுக்காரங்க கல்லறையில மண்டையோடு செதுக்கின கல்லை அக்கா தடவித் தடவிப் பார்க்குது. அண்ணன் சுவத்துல சாஞ்சி கொட்டாவி வுடுறாரு. போட்டுல ஏறி மோட்டார் தடதடன்னதும் அவரு தலை தொங்கிடுச்சு.

எதிர்க்க தீவு. எந்தக் காலத்துலேர்ந்தோ வெட்டாத காடு, இருட்டா நிக்குது. தண்ணி ஓரம் பூரா பூநாரைங்க. அண்ணன் குறட்டை வுடுறாரு. அக்கா உலுக்குச்சு, மூஞ்சில தண்ணி தெளிச்சுச்சு. ம்ஹூம். அக்காவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "வுடுக்கா, இந்த ஆளு இந்த ஜென்மத்துல திருந்த மாட்டாரு"ன்னேன்.

"சும்மா இருடி." கண்ணைத் தொடைச்சிக்கினு போட்டுக்காரர் பக்கம் திரும்புச்சு. "அண்ணே, மோட்டாரை நிறுத்துங்க."

"நடு ஏரியிலயாம்மா?"

"நிறுத்துங்கன்றேன்ல!"

சத்தம் நின்னுச்சு. அண்ணன் துள்ளி எழுந்தாரு. "இன்னா ஆச்சு? மிஷின் ஏன் நின்னுச்சு?" கை சுவிட்சைத் தேடுது. மில்லுக்காரங்க அப்படித்தான். எவ்ளோ சத்தத்துலயும் தூங்குவாங்க, சத்தம் நின்னா பதறுவாங்க. ஊட்ல கரண்டு போயி ஃபேன் நின்னா மொதல்ல எழுந்துக்கிறது இவருதான். அக்காவுக்குத் தெரியாதா?

அவர் தாடையைப் புடிச்சித் தீவுப் பக்கம் திருப்புச்சு. "பாருய்யா."

பூநாரைங்க மொத்தமா எழும்பி அந்தக் காட்டு மேல போச்சு. அண்ணன் தொறந்த வாயை மூடல.

"இத்தினி வருஷமா இது இங்கியேவா இருந்துச்சு, கிரேஸு?"

"இருந்துச்சு. நீதான் இல்ல."

போட்டுக்காரர் மறுபடி மோட்டார் கயித்தை இழுக்கப் போனாரு. அண்ணன் எட்டி அவர் கையைப் புடிச்சிக்கினாரு.

"இரு நைனா. இன்னும் கொஞ்ச நேரம் முழிச்சிக்கினு இருக்கேன்."