தனி அடுப்புக்கு வரி

1960 ஏப்ரல் 11, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு நகராட்சியின் பில் கலெக்டர் திருப்பதியில் எங்கள் வீட்டை அளக்கத் தொடங்கினார். அந்த மாதந்தான் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு போய்ச் சேர்ந்திருந்தது. நாங்கள் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டோம்.

வீட்டு வரியின் கணக்கு விசித்திரமானது. அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பது அதற்குப் பொருட்டல்ல. வாடகைக்கு விட்டால் ஓராண்டில் என்ன கிடைக்கும் என்பதே வீட்டின் மதிப்பு. மலையேற வருகிறவர்கள் தங்க இடம் தேடி அலையும் ஊரில், தனி வாசலும் தனி அடுப்பும் உள்ள ஓர் அறை வாடகை ஈட்டுவதாகவே கருதப்படும்.

எங்கள் பின்னறையில் அத்தை இருந்தார், நாங்கள் நைனா என்றழைக்கும் அப்பாவின் அக்கா. கணவரை இழந்து வந்த வாரத்திலேயே தம் கையால் அடுப்புப் போட்டு, தையல் வேலையின் வருவாயில் தாமே பொங்கி உண்டார். எங்கள் வீட்டில் அவர் தலைநிமிர்ந்து நடந்தது அந்த அடுப்பினால்.

தனிக்குடித்தனமா என்பதை பில் கலெக்டர் தெலுங்கு கலந்து கேட்டார்: "வேறு காபுரமா அம்மா?"

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "ஆமா, வேறு காபுரந்தான். யார் சோத்தையும் நான் துன்றதில்ல."

பென்சில் இரண்டு குடித்தனம் என்று எழுதியது.

நைனா பதறினார். "அய்யோ சார், எங்க அக்கா சார். இவங்ககிட்ட வாடகையா வாங்குவேன்?"

"வாங்கினாலும் வாங்காட்டியும் போர்ஷன் போர்ஷன்தான். ராஜ்யத்துக்கு அவங்க எல்லை போட்டாங்க, வீட்டுக்குள்ள நீங்களே போட்டுக்கினீங்க. நான் என்னா பண்றது?" சிரித்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்குக் காலையில இந்தத் தெருவ முடிக்க வருவேன். அப்போ அடுப்பு இல்லன்னா ஒரே வீடுன்னு எழுதிக்கிறேன்."

இரட்டை வரி நைனாவால் இயலாது என்பதை நாங்கள் எல்லோரும் அறிவோம். "அக்கா..." என்றார்.

"இழுத்துக்கினு இருக்காதடா. என்னா வேணுமோ வாயத் திறந்து கேளு."

நைனா கேட்கவில்லை. மதியம் அத்தை தமக்குப் பொங்கி உண்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். சூடு ஆறும்வரை காத்திருந்து, குழவிக்கல்லால் அடுப்பை உடைத்தார். மண்கட்டிகளை முறத்தில் அள்ளும்போது நான் கை நீட்டினேன். "நீ போய்ப் படி" என்றார். பின்தெருவுக்குத் திறந்த தம் தனி வாசலையும் உள்ளிருந்து தாழிட்டார். இரவு உண்ண அழைத்தபோது பசியில்லை என்றார்.

மறுநாள் காலை பில் கலெக்டர் வந்தார். அத்தை வெளியே வராததால் கேள்வி என்னிடம் வந்தது. "ஒரே காபுரந்தான்" என்றேன். எழுதியதை அடித்துவிட்டுப் போனார். அம்மா இட்லி வைத்துக் கொடுத்த தட்டை ஏந்திப் போய், அதுவரை பகலில் மூடியே அறியாத, அன்று மூடிக் கிடந்த, அத்தை அறையின் உள்கதவைத் தட்டினேன்.